நினைவு தவறிய முதியவரும் நமது நாவும்

சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு நம்மூர்ச் சகோதரி ஒருவர் தம் மகனை அனுப்பி நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஈராண்டுகளாக நினைவு தடுமாறி வருகிறது. அஸர் முடிந்து பொழுது சாயத் தொடங்கினால் அம்மையார் வாசற்படியில் வந்து நின்றுகொண்டு, "அத்தா சந்தைக்குப் போனவரு இன்னும் வரலியே, எப்ப வருவாரு?" என்று கேட்டு அழ ஆரம்பித்துவிடுகிறார். அந்த அத்தா மௌத்தாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. "'வந்துடுவாருமா' என்று சொன்னால் அழுகை நிற்கிறது. ஆனால் அது பொய்யாயிற்றே! நோன்பு வைத்துக்கொண்டு தினந்தோறும் பெற்ற தாயிடம் பொய் சொல்லலாமா, ஹஜ்ரத்?" என்பதே அவருடைய கேள்வி.

அன்று சுருக்கமாக ஒரு பதில் சொல்லி அனுப்பினோம். ஆனால் இது ஒரு வீட்டுக் கேள்வி அன்று. இப்படிப்பட்ட முதியவர் இல்லாத தெரு இப்போது அரிதாகி வருவதால், சற்று விரிவாகவே எழுதலாம் என்று எண்ணுகிறோம். கிதாபுகளை மட்டும் புரட்டி எழுதுவதாக வாசகர்கள் நினைக்க வேண்டாம். நம் நன்னியாரை நான்காண்டுகள் இதே நிலையில் வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் நாம். செய்த தவறுகளும் நம்முடையவையே.

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. அறிந்திருந்தும் பின்னர் எதையுமே அறியாத நிலைக்கு, வயதின் மிகத் தாழ்ந்த படிக்குத் திருப்பப்படுவோர் மனிதரில் உண்டு என்று திருமறை இரண்டு இடங்களில், அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனத்திலும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்திலும், எடுத்துரைக்கிறது. அந்த நிலையை விட்டு நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஆகவே இது நம் காலத்தில் புதிதாக முளைத்த நோயன்று. 1906ஆம் ஆண்டில் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இத்தகைய ஒரு பெண்மணியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, அதில் கண்ட மாறுதல்களை வெளியிட்டார். மறதி நோய்களில் அதிகமாகக் காணப்படுவது இன்றும் அவர் பெயரால் வழங்குவதே. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. நூறு பேருக்கு ஏழு பேருக்கு மேல் என்று பொருள்.

இந்த நோயில் மூளையின் உயிரணுக்கள் படிப்படியாக அழிகின்றன. பெரும்பாலும் நேற்று நடந்தது முதலில் போகும்; ஐம்பது ஆண்டுக்கு முன் நடந்தது கடைசிவரை நிற்கும். ஆதலால்தான் அந்த அம்மையாருக்குத் தம் பேரன் யாரென்று தெரியவில்லை. சந்தைக்குப் போன அத்தா மட்டும் தெரிகிறார். பிடிவாதமும் அன்று, நடிப்பும் அன்று. "வேணும்னே பண்றாங்க" என்று சொல்லும் மருமக்களும் மகன்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நாம் செய்த தவறு. வேலூரில் ஓதி ஸனது பெற்று ஊர் திரும்பிய சில ஆண்டுகள். உண்மை பேசுவதில் நமக்கு அப்போது மிகுந்த உறுதி. ஒருநாள் மஃரிபுக்குப் புறப்படும் வேளையில் நன்னியார் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கத்தாவைப் பாத்தியாடா? பொழுது போயிடுச்சே" என்றார். நாம் பொறுமையாகத்தான் சொன்னோம்: "நன்னி, உங்க அத்தா மௌத்தாகி எவ்வளவோ வருஷம் ஆச்சே. நீங்கதானே சொல்லியிருக்கீங்க." அவர் முகம் போன போக்கை எழுத முடியாது. மௌத்துச் செய்தியை அப்போதுதான் கேட்கிறார்! "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே, ஜனாஸாவுக்குக்கூட என்னைக் கூப்பிடலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாம் தொழுதுவிட்டு வந்தபோது அத்தாவையும் மறந்திருந்தார், செய்தியையும் மறந்திருந்தார். ஆனால் அழுதுகொண்டுதான் இருந்தார். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இதுபோல் ஒன்றிரண்டு மாலையல்ல, பல மாலைகள் செய்தோம்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னர் அறிந்தபோதுதான் நாம் செய்தது என்னவென்று விளங்கிற்று. அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குத் துயரமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் மறந்துபோயிற்று. ஆனால் அந்தத் துயரமும் மகிழ்ச்சியும் அரைமணி நேரம் கழித்தும் உள்ளத்தில் இருந்தன. செய்தி போய்விடுகிறது, வலி தங்கிவிடுகிறது! நாம் "உண்மை" சொன்னதனால் நன்னியாருக்கு ஓர் உண்மையும் போய்ச் சேரவில்லை. காரணம் தெரியாத துக்கம் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது.

ஷரீஅத்தில் துக்கத்துக்கு அளவுண்டு. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். மற்ற உறவினருக்கு மூன்று நாளைக்கு மேல் துக்கம் காப்பது ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு ஆகுமானதன்று என்று ஹதீஸ் கூறுகிறது. அப்படியிருக்க, தந்தை இறந்த முதல் நாள் துக்கத்தை ஒரு மூதாட்டியின் தலையில் தினம் ஒருமுறை ஏற்றிவைக்க நமக்கு அனுமதி கொடுத்தது யார்?

அப்படியானால் பொய் சொல்லலாமா? இங்கேதான் அவசரப்படக்கூடாது. உண்மையை முகத்தில் எறிவது ஒன்று, பொய் சொல்வது ஒன்று என்று இரண்டே வழிகள் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூர்வோம். அவர்களுடைய சிறு மகன் நோயுற்றிருந்தான். கணவர் அபூதல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்த சமயம் உயிர் பிரிந்துவிட்டது. கணவர் திரும்பி வந்து, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அம்மையார், அவன் மூச்சு அமைதியடைந்துவிட்டது, அவன் ஓய்வு பெற்றிருப்பான் என்று நம்புகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஒரு சொல்லும் பொய்யில்லை. களைத்து வந்தவர் உண்டார், உறங்கினார். அதன் பின்பே செய்தியை அறிந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கேள்வியுற்று அந்தத் தம்பதியின் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். எந்த உண்மையை எந்த நேரத்தில் எந்த அளவில் சொல்வது என்பதும் அறிவுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அபூதல்ஹா (ரலி) அவர்களுக்குச் சொல்வதற்கு ஏற்ற நேரம் பின்னர் வந்தது. தாங்கிக்கொள்ளும் உள்ளமும் இருந்தது. நம் நன்னியாருக்கு அப்படி ஒரு நேரம் வரப்போவதில்லை.

அடுத்து, இருவரிடையே சமாதானம் செய்வதற்காக நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யராக மாட்டார் என்ற கருத்தில் உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இதை விளக்கும் இமாம்களில் ஒரு சாரார், அங்கும் இருபொருள்படும் பேச்சுக்கே அனுமதி என்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர், ஆகுமான ஒரு நன்மையைப் பொய்யின்றி அடையவே முடியாதபோது அது ஆகும் என்றனர். நம்முடைய கருத்தைக் கேட்டால், இந்த நோயில் பொய் வரை போகவேண்டிய தேவை நூற்றுக்கு ஒருமுறைதான் வரும். அந்த ஒருமுறை வந்து, நோயாளி தெருவில் ஓடத் துணிந்துவிட்டார் என்றால், ஒரு சொல் சொல்லி அவரைக் காப்பாற்றிய மகளைக் குற்றம் பிடிக்க நாம் தயாராயில்லை. சத்தியம் செய்து மட்டும் சொல்ல வேண்டாம். அதையே தினசரி வழக்கமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். ஏனெனில் "வருவார்" என்றால் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். எதிர்பார்ப்பும் ஒரு வேதனையே.

மற்றத் தொண்ணூற்றொன்பது தடவைக்கு வழி என்ன? கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். "அத்தா எப்ப வருவாரு?" என்பது செய்தி கேட்கும் கேள்வியன்று. பொழுது போகிறது, இடம் புதிதாயிருக்கிறது, பயமாயிருக்கிறது, என்னைக் காப்பாற்றுகிறவர் எங்கே என்பதுதான் அதன் பொருள். நாம் பட்டுத் தெரிந்தபின் இப்படிச் சொல்லத் தொடங்கினோம்: "அத்தா நெனப்பு வந்துடுச்சா நன்னி? சந்தையிலேருந்து உங்களுக்கு என்ன வாங்கியாருவாரு?" அவ்வளவுதான். வாசலில் நின்றவர் திண்ணையில் உட்காருவார். நம்மூரில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை பெரிதாகக் கூடும். அத்தா ஆடு பிடிக்கும் சாமர்த்தியம், பல்லைப் பார்த்தே வயது சொல்வது, திரும்பி வரும்போது மடியில் கட்டிவரும் பொரி, எல்லாம் வரும். இதில் எது பொய்? மகள் தகப்பனாரைப் பற்றிப் பேசுகிறாள், பேரன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு கதையும் உண்டு. தேசிங்குராஜன் கதையை அறியாத செஞ்சிக்காரர் இல்லை. நண்பனுக்காகத் திருமணத்தையே விட்டுவிட்டு ஓடி வந்து போரில் மடிந்த மகபத்கானை நன்னியார் தம் அத்தாவின் வாயால் கேட்டு வளர்ந்தவர். 1714இல் தேசிங்கை வென்றவர் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான். அவர் பெயரால் கட்டிய பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. ஆனால் நன்னியார் கடைசிவரை நவாபின் கட்சியில் சேரவேயில்லை! "மகபத்கானு எங்கேருந்து வந்தாரு நன்னி?" என்று நாம் எடுத்துக் கொடுத்தால் போதும். நாம் ஏதேனும் தவறாகக் கேட்டுவிட்டால் உடனே திருத்துவார். அப்படித் திருத்தும்போது அவர் குரலில் பழைய அதிகாரம் வந்துவிடும். நாள் முழுவதும் எல்லோராலும் திருத்தப்படுகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை யோசித்துப் பாருங்கள்.

"வீட்டுக்குப் போவணும்" என்பது அடுத்த அழுகை. இருப்பதே அவர் வீடுதான். "இதுதானே உங்க வீடு" என்று வாதாடிப் பயனில்லை. செருப்பைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, மலை தெரியும் தெருமுனை வரை நடந்து வருவோம். திரும்பும்போது நாம் முதலில் ஸலாம் சொல்லி உள்ளே நுழைவோம். உள்ளிருந்து பதில் வரும். ஸலாம் சொல்லி நுழையும் இடம் வீடுதான் என்பது அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. பெரும்பாலும் அதன்பின் அந்தப் பேச்சு வராது.

திருட்டுக் குற்றச்சாட்டு மூன்றாவது. "என் வளையலை இவ எடுத்துட்டா" என்று, இரவும் பகலும் பணிவிடை செய்யும் மருமகளையே காட்டுவார்கள். குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். வைத்த இடம் மறந்துபோகிறது, மறந்தது தெரிவதில்லை, ஆகவே யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை முடிவு கட்டுகிறது. "நான் எடுக்கலை" என்று மறுக்காமல், "காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று உடன் தேடுவதே மருந்து. இரவல் வளையல் ஒன்றும், பழைய சாவிக்கொத்து ஒன்றும், சுருக்குப்பை ஒன்றும் கைக்கெட்டுமிடத்தில் வைத்திருங்கள். வெளியூரில் இருந்துகொண்டு தொலைபேசியில் தாயின் புகாரைக் கேட்டு மதினியைச் சந்தேகிக்கும் மகள்களுக்கு நாம் ஒன்று சொல்வோம்: ஒரு வாரம் வந்து இருந்து பாருங்கள், பிறகு பேசுங்கள்.

இந்தக் கலவரம் ஏன் மாலையிலேயே வருகிறது? மருத்துவர்களும் இதைத் தனியாகவே கவனித்திருக்கிறார்கள். பகலின் களைப்பு, மங்கும் வெளிச்சம், நீளும் நிழல், உறக்கக் கணக்குப் பிசகுதல் எனப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். செஞ்சியில் ஊருக்கு மேற்கே கோட்டை மலைகள். வெயில் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கியதும் தெருவில் நிழல் விழுந்துவிடும். அதே வேளையில் வீட்டில் தொலைக்காட்சி அலறும், பிள்ளைகள் மக்தபுக்குக் கிளம்புவார்கள், ஆண்கள் ஒளுச் செய்ய ஓடுவார்கள். நாம் செய்த மாற்றங்கள் சில்லறையானவை. பாங்குக்கு அரைமணி முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவோம். தொலைக்காட்சியை நிறுத்துவோம். நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடினோம்; அதில் தெரிந்த கிழவியை யாரோ அந்நியப் பெண் என்று நினைத்து அவர் பயந்துகொண்டிருந்தது நமக்கு வெகுநாள் தெரியாது. அப்புறம் ஒரு முறம் மல்லாட்டையை மடியில் வைப்போம். அறுபது வருடம் மல்லாட்டை உடைத்த கை அது. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. உடைத்தது போதாவிட்டால் மறுபடி கலந்து வைத்ததும் உண்டு, அல்லாஹ் மன்னிப்பானாக. பக்கத்தில் உட்கார்ந்து யாஸீனோ சிறிய ஸூராக்களோ மெதுவாக ஓதுவோம். பேரன் பெயர் தெரியாதவர், நாம் ஓர் ஆயத்தில் நிறுத்தினால் அடுத்த ஆயத்தை எடுத்துக் கொடுப்பார்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே! மஃரிபு நேரத்தில் ஆண்கள் அனைவரும் பள்ளிக்குப் போய்விட, மிரண்டு நிற்கும் மூதாட்டியோடு மருமகள் தனியாகக் கிடந்து போராடுவதே நம் வீடுகளின் வழக்கம். ஃபிக்ஹின்படி, பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை அவர்கள் பெற்ற மக்கள் மீதுதான். மருமகள் செய்வது உபகாரம். ஜமாஅத்தை விடுவதற்கு அனுமதியுள்ள காரணங்களை எண்ணும்போது, நோயாளிக்குத் துணையிருப்பதையும் துர்ருல் முக்தார் போன்ற நம் மத்ஹபு நூல்கள் சேர்த்திருக்கின்றன. ஆகவே நாம் அந்த நாட்களில் மஃரிபை வீட்டிலேயே, நன்னியாரைப் பின்னால் நாற்காலியில் அமர்த்தித் தொழுதோம். "ஹஜ்ரத்தே பள்ளிக்கு வர்றதில்லை" என்று பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் தம் தகப்பனாருக்காக நம்மிடம் வந்து வழி கேட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தொழுகையே சிலருக்குக் கலக்கமாவதுண்டு. தொழுதோமா இல்லையா என்று திரும்பத் திரும்பத் தொழுவார்கள். "நான் தொழலியே, பாவியாயிட்டேனே" என்று அழுவார்கள். தடுக்க வேண்டாம். நினைவு ஓரளவு இருக்கிறவர் ரக்அத்து எண்ணிக்கையில் தடுமாறினால், பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொடுக்கத் தொழலாம். அது செல்லத்தகும் என்று நம் நூல்களில் உண்டு. அறிவு முற்றிலும் மறைந்துவிட்டால் தொழுகையும் நோன்பும் அவர் மீது கடமையே இல்லை. அதற்காகக் களாவும் இல்லை, ஃபித்யாவும் இல்லை. எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்கள் யார் என்று கூறும் ஹதீஸின் ஓர் அறிவிப்பில், முதுமையால் புத்தி தடுமாறியவரும் சேர்க்கப்பட்டிருப்பதை அபூதாவூதில் காணலாம். "நன்னி, அல்லாஹ் உங்க கணக்கை மூடி வச்சுட்டான், நிம்மதியா இருங்க" என்று நாம் சொல்வோம். அதில் பொய்யேயில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. ஒரு வாரம் நன்னியார் இரவெல்லாம் கத்தினார். நோய் முற்றிவிட்டது என்றே வீட்டில் முடிவு செய்துவிட்டோம். கடைசியில் பார்த்தால் மூத்திரத்தில் கிருமித்தொற்று. எரிகிறது என்று சொல்லத் தெரியாததால் கத்தியிருக்கிறார்! ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் மலச்சிக்கல், தாகம், சர்க்கரை, காய்ச்சல், பல்வலி, புதிய மாத்திரை ஆகியவற்றை முதலில் பாருங்கள். தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செஞ்சி அரசு மருத்துவமனையிலிருந்து முண்டியம்பாக்கத்துக்கோ புதுவை ஜிப்மருக்கோ போகலாம். வீட்டில் தவிப்பவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் பேசலாம். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரின் உயிருக்கே ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே எச்சரித்தது.

ஜின் பிடித்திருக்கிறது என்று கூறிக் கட்டிப்போடும் கொடுமையும் இன்னும் அங்கங்கே கேள்விப்படுகிறோம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் இருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்திருக்கிறது. ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை, நாமே ஓதியிருக்கிறோம். கயிறு மட்டும் வேண்டாம்.

சகோதரிக்கு நாம் அன்று சொல்லியனுப்பியது இவ்வளவே: "வந்துவிடுவார் என்றும் சொல்ல வேண்டாம், மௌத்தாகிவிட்டார் என்றும் சொல்ல வேண்டாம். அவரைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள்." பெருநாள் கழித்து அவருடைய மகன் வந்திருந்தார். பாட்டியார் இப்போது மாலையில் மல்லாட்டை உடைக்கிறாராம். சந்தைக் கதை பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டதாம். சில நாட்களில் எதுவும் பலிப்பதில்லை, அழுதுகொண்டேதான் இருக்கிறார் என்றும் சொன்னார். "அப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்டோம். "அம்மாவும் பக்கத்துல உக்காந்துக்கிறாங்க, ஹஜ்ரத். கையைப் புடிச்சுக்கிட்டு, இஷாவுக்குப் பாங்கு சொல்ற வரைக்கும்."